கை நனைத்தது

ஆகஸ்ட் 14, திங்கள்

நாளைக்கு லேப் விடுமுறை. வருடத்தில் இப்படி முழுதாகக் கிடைக்கும் நாட்கள் நாலோ ஐந்தோ. இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம் என்று இருந்தேன். அண்ணி விடவில்லை. மேகமலைக்குப் போகலாமாம். காட்டுக்குள் ஒரு நடை, கட்டுச்சோறு, அப்புறம் எஸ்டேட் பங்களாவில் பெரிய டிவியில் இரண்டு படம், இருட்டுவதற்குள் இறங்கிவிடலாமாம்.

"வேற யாரு வர்றா?" என்றேன்.

"உங்கண்ணன் கூடப் படிச்சவரும் அவுங்க அம்மாவும். கம்பத்துல சொட்டுநீர்க் குழாய்க் கடை வச்சிருக்காரே, அழகுராஜா."

"கல்யாணம் ஆனவரா?"

"பொண்ணு பாத்து வச்சாச்சு சுகந்தி. ஆவணியில முடிஞ்சிரும். போதுமா? சாமி சத்தியமா இது பொண்ணு பாக்குற சோலி இல்ல."

அப்படியானால் சரி. பெண் பார்க்க வரும் கூட்டத்தை இனி என்னால் சகிக்க முடியாது. பதினாலு வருடமாக மலத்தையும் சளியையும் சீழையும் டப்பா டப்பாவாகத் திறந்து குச்சியால் கிளறுகிறேன், ஒருநாளும் குமட்டியதில்லை. எனக்குக் குமட்டுவதெல்லாம் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்க்கிறவர்களைக் கண்டால்தான்.

போன தை மாதம் வந்த குடும்பத்தை நினைத்தால் இப்போதும் தொண்டைக்குள் புளிக்கிறது. ஆளுக்கு ஆறு வடை, குழிப்பணியாரம், இரண்டு சுற்றுக் காபி. மாப்பிள்ளையின் சித்தப்பா வடை எண்ணெயை எங்கள் ஜன்னல் திரையில் துடைத்தார். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி அப்பா கெஞ்சினார். "முடிவாகாம கை நனைக்கிறது எங்க வழக்கம் இல்லீங்க" என்று அந்தச் சித்தப்பா பெரிய மனிதத் தோரணையில் சொல்லிவிட்டு ஏப்பம் விட்டார். வடையும் பணியாரமும் கணக்கில் சேராது. சோற்றில் கை வைத்தால்தான் கை நனைத்ததாக அர்த்தம், சம்பந்தம் முடிந்ததாக அர்த்தம். மறுநாள் தரகரிடம், பெண் முகத்தில் சிரிப்பே இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். முப்பத்தாறு வயதில் திரையைத் துவைத்துக்கொண்டு சிரிக்கவா முடியும்?

உருளைக்கிழங்கு வேகிறது. தக்காளி சாதம், வறுவல், தயிர் சாதம், அவித்த முட்டை. காலையில் கட்டினால் போதும்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

படு கேவலம். இப்போது எழுத முடியாது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் எலுமிச்சை வாசம் போகவில்லை.

ஆகஸ்ட் 16, புதன்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன், கோபத்தில் எதுவும் விட்டுப்போய்விடக் கூடாது.

காலை ஐந்தரைக்குச் சேது அண்ணன் காரோடு வந்தான். சாப்பாட்டை, காலமான அம்மாவின் நாலடுக்குக் கேரியரில் கட்டி அப்பா கையில் கொடுத்தேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு நான் கடைசியாக ஏறினேன். சின்னமனூர் தாண்டி மலை ஏறியதும், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அண்ணி ஒரு பிளாஸ்டிக் பையை வாயருகே பிடித்துக்கொண்டாள். பங்களா வாசலில் அழகுராஜாவும் அவர் அம்மா இந்திராணியும் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். பட்டுப் புடவை, அதற்குக் கீழே புத்தம்புது கேன்வாஸ் ஷூ, வாயில் வெற்றிலை. "வா தாயி" என்று என் தாடையைத் தடவி அந்த விரலை முத்தமிட்டுக்கொண்டார் அந்த அம்மா. என் தாடையில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

காவலாளி ஒருவர் முன்னே போக, தேயிலைக்குப் பின்னால் இருக்கும் சோலைக்காட்டுக்குள் நடந்தோம். காடு நன்றாகத்தான் இருந்தது. அதில் ஏற்கெனவே நடந்துவிட்டுப் போன மனிதர்கள்தான் காலில் இடறிக்கொண்டே வந்தார்கள். பிராந்தி பாட்டில், குழந்தைக்குக் கட்டிய டயப்பர், ஒரு பெரிய மரத்தின் பட்டையைச் செதுக்கி எவனோ எழுதிய காதல். அண்ணன் சிப்ஸ் தின்றுவிட்டு உறையைச் சுருட்டிப் புதருக்குள் எறிந்தான். பொறுக்கி வந்து அவன் சட்டைப் பையிலேயே திணித்தேன். இந்திராணி அம்மா பத்தடிக்கு ஒருதரம் பெரணிச் செடிகள் மேல் சிவப்பாகத் துப்பினார்.

அப்புறம் அட்டைகள். ஆவணி நெருங்கும் மழை, சருகெல்லாம் ஊறிக் கிடந்தது. என் கணுக்காலில் இரண்டு ஏறியிருந்தன, கிள்ளி எறிந்துவிட்டு நடந்தேன். அழகுராஜாவின் முட்டிக்குக் கீழே ஒன்றே ஒன்று. அதற்கு அந்த மனிதர் போட்ட ஆட்டம்! நாற்பது வயது ஆள் ஒற்றைக் காலில் குதித்து, "எடுங்க, யாராச்சும் எடுங்க!" என்று கத்தினார். நான்தான் எடுத்தேன். "எப்படீங்க கையால தொடுறீங்க?" என்று கேட்டார். நான் தினமும் தொடுகிற சாமான்களின் பட்டியலைச் சொன்னேன். முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் விடாமல், சீழை எப்படிப் பரிசோதிப்பீர்கள், சளியில் எதைத் தேடுவீர்கள் என்று கேட்டுக்கொண்டே கூட வந்தார். வேறொருத்திக்கு முடிவான ஆள் என்பதால் நானும் சும்மா பேசிக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் ஓடைக்கரையில் அப்பாவை உட்காரவைத்து, சர்க்கரைக்காரர் காலாச்சே என்று விரலிடுக்கெல்லாம் விலக்கி அட்டை இருக்கிறதா என்று பார்த்தார். அதையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணாலேயே பார்த்தார். அருவருப்பை வைத்துக்கொண்டு எதற்கு இந்த வேலை?

ஓடையோரப் பாறையில் சாப்பிட உட்கார்ந்தபோது மணி ஒன்றரை. அவரவர் சாப்பாடு அவரவருக்கு என்று முன்பே பேசியிருந்தார்களாம்.

"கேரியர் எங்கப்பா?"

அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "அய்யய்யோ, வாசப்படியிலயே வச்சிட்டு வண்டில ஏறிட்டேனே தாயி!"

எனக்குப் பசி தாங்காது. நாலாம் வகுப்பில் பிரேயரில் நின்றபடியே விழுந்தவள் நான். நேரம் தப்பினால் இப்போதும் கை நடுங்கும், கண் இருட்டும். அண்ணியும் அண்ணனும் பிஸ்கட்டைப் பிரித்துக்கொண்டு, பசியே இல்லை என்றார்கள். உட்கார்ந்தால் பதினோரு இட்லி சாப்பிடுகிற அண்ணன் பசியில்லை என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அப்பா ஒரு மலைவாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

எதிரே இந்திராணி அம்மா இலைத்துண்டு போட்டு எலுமிச்சை சாதம், கத்தரிக்காய் வதக்கல், மோர்மிளகாய் என்று பரப்பினார். மஞ்சள் மஞ்சளாகச் சோறு, அதில் முழு முழுக் கடலை. நான் பார்த்தபடி இருந்திருப்பேன் போல. அழகுராஜா ஒரு இலையை என் பக்கம் நகர்த்தி, பேசாமல் சாதத்தை வைத்தார்.

"ஸ்பூன் வேணுமா தாயி?" என்றார் அந்த அம்மா.

"வேணாம்மா, கையே போதும்" என்றேன். ஓடையில் கையைக் கழுவி வந்து உட்கார்ந்து, ஈரக் கையோடு சோற்றைப் பிசைந்தேன்.

அண்ணி பிஸ்கட்டை மெல்லுவதை நிறுத்தினாள். என் பசியில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இரண்டாவது முறை கேட்டு வேறு வாங்கிக்கொண்டேன். இந்திராணி அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். தன் கொண்டையிலிருந்த கனகாம்பரத்தில் பாதியைக் கிள்ளி என் தலையில் வைத்தார். வாடின பூ, அவருடைய தேங்காய் எண்ணெய் வேறு அதில் பிசுபிசுத்தது. வயதானவர் பாசம் என்று சகித்துக்கொண்டேன்.

மழை வந்து எல்லோரும் பங்களாவுக்குள் ஓடினோம். முதல் படம் பேய்ப் படம். அடுத்து எந்தக் கதவு திறக்கும், யார் சாவார் என்று அழகுராஜா முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார். இவரோடு படம் பார்ப்பதற்குப் பேயோடு பார்க்கலாம். அவர் அம்மா என் கையைத் தன் மடியில் வைத்துப் பிசைந்துகொண்டே இருந்தார். இரண்டாவது படம் ஓடும்போது எழுந்து வராந்தாவுக்குப் போனேன், தலையில் இருந்த பூவை எடுத்தெறியத்தான். எனக்கு முன்பே எழுந்து போயிருந்த அந்த அம்மா அங்கே போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"ஆமாக்கா, முடிஞ்சிருச்சு! பொண்ணே கை நனைச்சிருச்சு. ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்புட்டுச்சு, பாத்துக்க! ஆவணியிலயே வச்சிருவோம்."

பூ என் கையில் இருந்தது. பார்த்து வைத்த பெண் யார் என்று அப்போதுதான் புரிந்தது. வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு, தின்றது அத்தனையையும் ரோஜாச் செடிக்கு மேல் வாந்தி எடுத்தேன்.

இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தோம். வாசப்படியில் கேரியரும் இல்லை. அம்மாவின் கேரியர், மூடியில் அவள் பெயர் வெட்டியது. எந்தக் களவாணிக் கை தூக்கிக்கொண்டு போனதோ, என் தக்காளி சாதத்தில் அவன் வயிறு வெந்து போகட்டும்.

ஆகஸ்ட் 17, வியாழன்

அண்ணி வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். சாமி சத்தியத்தைப் பற்றிக் கேட்டேன். "பொண்ணு பாக்குற சோலி இல்லன்னுதான சொன்னேன்? அதான் முன்னாடியே பாத்துட்டாங்களே" என்கிறாள். போன மாதம் லேப்பில் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க வந்தவர்களில் இந்திராணி அம்மாவும் ஒருவராம். என் ஊசி அவருக்கு வலிக்கவே இல்லையாம். வலிக்கிற மாதிரிக் குத்தியிருக்கலாம்.

அண்ணனுக்கு எல்லாம் வேடிக்கை. "ஸ்பூன்ல சாப்பிட்டிருந்தா தப்பிச்சிருப்ப. கை நனைஞ்சிருக்காதுல்ல?" என்று சிரித்தான்.

நான் தெளிவாகச் சொல்லிவிட்டேன், எனக்குச் சம்மதம் இல்லை. அப்பா நிமிரவே இல்லை. "சொந்தமெல்லாம் கேள்விப்பட்டிருச்சு. கை நனைச்சிட்டு மாட்டேன்னா, நாளைக்கு நம்ம வீட்டுல எவன் தண்ணி குடிப்பான்?"

"எனக்குப் பசிச்சதுப்பா. அவ்வளவுதான்."

"அது நமக்குத் தெரியும். அவங்களுக்கு?"

சாயங்காலம் அப்பா நடந்துவிட்டு வருவதாகச் சொல்லி அண்ணன் வீடு வரை போய் வந்தார். தெருமுனைக்குப் போகவே கால் எரிகிறது என்பவர். அண்ணன் காரோடு ஆபீஸுக்குப் போயிருந்தானாம், பார்க்க முடியவில்லையாம்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

இந்திராணி அம்மா லேப்புக்கே வந்து ரவிக்கை அளவு கேட்டார். கையில் அல்வாப் பொட்டலம், அதைச் சிறுநீர் டப்பாக்களுக்கு நடுவே வைத்தார். எடுத்துத் தரையில் வைத்தேன். அம்மா, எனக்கு இதில் விருப்பம் இல்லை என்று சொன்னேன். "எல்லாப் பொண்ணும் மொதல்ல இப்பிடித்தான் சொல்லும் தாயி" என்று மறுபடி என் தாடையைத் தடவினார்.

அப்பா இன்றும் அண்ணன் வீட்டுக்கு நடந்தார். கார் பூட்டியிருந்ததாம். அவருக்குக் காரில் என்ன வேலை?

ஆகஸ்ட் 20, ஞாயிறு

காலையில் அண்ணன் காரை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்தினான். "சுகந்தி, எலி செத்துக் கிடக்கு போல. உள்ள உக்கார முடியல. நீதான் இந்த நாத்தத்துக்கெல்லாம் சரியான ஆளு, பாரேன்."

அப்பா அவசரமாக எழுந்தார். "நீ போத்தா உள்ள, நான் பாக்குறேன்." சொல்லி முடிப்பதற்குள் நான் டிக்கியைத் திறந்துவிட்டேன்.

மாற்றுச் சக்கரத்துக்குப் பக்கத்தில், பழைய தார்ப்பாய்க்கு அடியில் அப்பாவின் பச்சைக்கரைத் துண்டு. மேகமலையில் தொலைத்துவிட்டதாகச் சொன்ன துண்டு. நாலு பக்கமும் இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. முடிச்சை அவிழ்த்தேன். அம்மாவின் கேரியர்.

ஐந்து நாள் வெயிலில் கிடந்த கார். கேரியர் மூடி மேல்நோக்கி உப்பியிருந்தது. திறந்ததும் அண்ணன் ஓடிப்போய்ச் சாக்கடையோரம் குனிந்துவிட்டான். தயிர் சாதத்தில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை விரல் உயரத்துக்கு நின்றது. தக்காளி சாதம் நுரைத்து அடுக்குக்கு வெளியே வழிந்திருந்தது. முட்டைகளைப் பற்றி எழுத வேண்டாம். பதினாலு வருடத்தில் முதல்முறையாக எனக்கு ஒரு டப்பாவைத் திறந்து குமட்டியது.

மறந்துபோய் வாசப்படியில் வைத்தவர் துண்டில் சுற்றித் தார்ப்பாய்க்கு அடியில் வைக்க மாட்டார். வீட்டைப் பூட்டும்போது அது என் கண்ணில் படாததும் அதனால்தான்.

கேரியரை அப்படியே உள்ளே எடுத்துப்போய் அப்பாவின் முன்னால் வைத்தேன். மூக்கைப் பொத்தக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"ஏம்ப்பா?"

மூடியில் இருந்த அம்மா பெயரைப் பார்த்தபடி பேசினார். "பன்னெண்டு வருசமா வர்றவன் போறவனுக்கெல்லாம் ஒரு நொட்ட சொல்ற. எனக்கு அறுபத்தெட்டு. நானும் போயிட்டா இந்த வீட்டுல நீ யார் கூடப் பேசுவ? நீயா வாயத் தொறந்து சரின்னு சொல்லவே மாட்ட. பசிச்சா சாப்புடுவேன்னு மட்டும் எனக்குத் தெரியும்."

"எலிக்குத் தேங்காச்சில்லு வைக்கிற மாதிரி என் பசியை வச்சுப் பிடிச்சிருக்கீங்க."

அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கும். வேறு யார் செய்திருந்தாலும் அருவருப்பைத் துப்பிவிட்டுப் போயிருப்பேன். பிரேயரில் மயங்கி விழுந்த அன்று பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்து, வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றியவர் இந்த மனிதர். அன்றைக்குத் தெரிந்துகொண்டதை இன்றைக்கு இதற்குப் பயன்படுத்தியிருக்கிறார்.

சொல்லிவிட்டேன். "நீங்களே கம்பத்துக்குப் போய், என்ன செஞ்சீங்கன்னு உங்க வாயால அவங்ககிட்டச் சொல்லணும். அதுவரைக்கும் இந்த வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

கேரியரைப் புளி போட்டு, சாம்பல் போட்டு, சோடா உப்புப் போட்டு மூன்று முறை தேய்த்தேன். மூடியில் அம்மா பெயரின் வெட்டுக்குள் இருந்த கறுப்பைக் குண்டூசியால் சுரண்டினேன். இன்னும் நாறுகிறது.

ஆகஸ்ட் 21, திங்கள்

அப்பாவுக்குக் கேப்பைக் களி கிண்டிக் கீரையும் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். நான் பஸ் ஸ்டாண்டு கடையில் புரோட்டா தின்றேன். மாஸ்டர் நெற்றி வியர்வையை வழித்த கையாலேயே மாவை வீசினார். பார்க்காத மாதிரி சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

இன்றும் புரோட்டா. சால்னாவில் ஒரு ஈ. எடுத்துப்போட்டுவிட்டுச் சாப்பிட்டேன். அப்பாவின் தட்டில் பாதி அப்படியே இருக்கிறது. சர்க்கரை பார்த்தேன், 212. "ஒழுங்கா சாப்பிடுங்க" என்றேன். "நீ?" என்றார்.

ஆகஸ்ட் 23, புதன்

அண்ணி வந்து சமாதானம் பேசினாள். "பெத்தவர இப்பிடி வதைக்கலாமா? கல்யாணத்தக் கை கழுவுறதுன்னா கழுவிக்க. பெரியவர எதுக்கு அங்க அனுப்பி அசிங்கப்படுத்துற?" எனக்கு நடந்தது அசிங்கம் இல்லையா என்று கேட்டேன். காபி கொடுத்தால் குடிக்கிறேன் என்றாள். போட்டுக் கொடுத்தேன். நான் குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 24, வியாழன்

காலையில் எழுந்தபோது அப்பா இல்லை. வெள்ளைச் சட்டையும் இல்லை, கொடியில் பச்சைக்கரைத் துண்டும் இல்லை. நான் லேப்பிலிருந்து திரும்பியபோது கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பஸ் புழுதி முகமெல்லாம்.

"சொல்லிட்டேன்" என்றார்.

"என்னன்னு?"

"கேரியர ஒளிச்சு வச்சேன், எம் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, பசியில சாப்புட்டான்னு. அந்தம்மா அழுதுச்சு. ஊரெல்லாம் சொல்லிட்டனே, எம் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைப்பேன்னுச்சு. கால்ல விழப் போனேன். அந்தப் பையன் தாங்கிப் பிடிச்சிட்டான்."

நான் எதிரில் உட்கார்ந்தேன். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பையன் சொல்லுது, 'ரெண்டாந் தடவ கேட்டு வாங்குனப்பவே தெரியும்யா, அது பசின்னு. சம்மதம் சொல்றவங்க அப்பிடி அள்ளிச் சாப்புட மாட்டாங்க. அம்மாகிட்ட அன்னைக்கே சொன்னேன், காதுல வாங்கல. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல, நான் சொந்தக்காரங்ககிட்டப் பேசிக்கிறேன்'னு. பஸ் வரைக்கும் வந்து ஏத்திவிட்டுச்சு. உம் முழங்கால் கடி ஆறிருச்சான்னு கேக்கச் சொல்லுச்சு."

இதையெல்லாம் அப்பா எதற்கு என்னிடம் ஒப்பிக்கிறார் என்று தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை. சரியாகக் காதில் விழாததால் ஒருமுறை திரும்பச் சொல்லச் சொன்னேன், அவ்வளவுதான். கடி முழங்காலில் இல்லை, கணுக்காலில். அதுகூட ஒழுங்காக ஞாபகம் இல்லை அந்த மனிதருக்கு.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"அந்த வீட்டுல எப்பிடித்தா கை நனைக்க? இதச் சொல்லப் போன வீட்டுல?"

காலையிலிருந்து பட்டினி. சர்க்கரைக்காரர். நான் எழுவதற்குள் அவர் எழுந்து அடுப்படிக்குள் போனார். என் நினைவு தெரிந்து அப்பா அடுப்பைப் பற்றவைத்ததில்லை. நான் உள்ளே போகவில்லை. எதுவோ விழுந்தது, எதுவோ கருகியது, கடுகு வீடெல்லாம் வெடித்தது. முக்கால் மணி நேரம் கழித்து இரண்டு தட்டோடு வந்தார்.

உப்புமாவாம். சாம்பல் நிறம். கட்டி கட்டியாக இருந்தது, ஒரு கட்டியை உடைத்தால் உள்ளே வேகாத ரவை மாவாகக் கொட்டியது. மேலே கருகின வெங்காயம். ஒரு பக்கம் உப்புக் கரித்தது, மறுபக்கம் உப்பே இல்லை. இதைவிடப் பார்க்கச் சகிக்கிற சாமான் தினமும் என் மேஜைக்கு டப்பாவில் வருகிறது.

அவர் சாப்பிடாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து உள்ளே போய் ஒரு ஸ்பூனை எடுத்துவந்து உட்கார்ந்தேன்.

தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. ஸ்பூனால்தான் சாப்பிட்டேன். கை நனையவில்லை.